ஷெட்டில் தூங்கும் காருக்குள் ஒளிந்திருக்கும் எமன்!

வெளியூர் போகுமுன் செய்ய வேண்டியது என்ன?

கீழப்பாவூர்,

"மாமா, வண்டி ஷெட்டுல நிக்குது. அப்பப்ப ஒரு ஸ்டார்ட் போட்டு வையுங்க!"

பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து இப்படிச் சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

தென்காசி மாவட்டம் கீழப்பாவூர், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் இருந்து பிழைப்புக்காக சென்னை, மும்பை, வளைகுடா நாடுகள் என்று போனவர்கள் வீட்டிலும் இதே கதைதான். கார் சொந்த ஊரில் நிற்கும். கோவில் கொடை, கல்யாணம் என்று வரும்போதுதான் அதற்கு வேலை.

நடுவில் 6 மாதமோ, 10 மாதமோ கார் தூங்கும்.

தூங்குகிற கார் யாரை என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். உயிரையே குடித்துவிடும்!

3 பிஞ்சுகள்

2022-ம் ஆண்டு ஜூன் 4-ந்தேதி. நெல்லை மாவட்டம் பணகுடி அருகே உள்ள லெப்பைக்குடியிருப்பு கிராமம்.

வீட்டருகே நின்ற காருக்குள் 3 குழந்தைகள் ஏறி விளையாடினார்கள். கதவு அடைத்துக்கொண்டது. திறக்கத் தெரியவில்லை. தேடி வந்தவர்கள் பார்த்தபோது 3 பேரும் பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்தனர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பலன் இல்லை.

3 பேருக்கும் 7 வயதுக்கு மேல் இல்லை!

2025-ம் ஆண்டு மே 18-ந்தேதி ஆந்திர மாநிலம் விஜயநகரம் அருகே துவாரபுடி கிராமத்திலும் இதே சோகம். அங்கே பலியான குழந்தைகள் 4 பேர்.

வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி ஏறிவிடும். பெரியவர்களைவிட குழந்தைகள் உடம்பு சீக்கிரம் சூடாகும்.

ஆகவே, காரை நிறுத்தி வைப்பதில் முதல் வேலை பூட்டுவதுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டால் ரிமோட் வேலை செய்யாது. "பூட்டியாச்சு" என்று நினைத்துப் போய்விடக்கூடாது. ஒவ்வொரு கதவையும் கையால் பூட்டி, சாவி போட்டு, இழுத்துப் பார்க்க வேண்டும். டிக்கியையும் விடக்கூடாது. பேட்டரி இல்லாத காருக்குள் மாட்டிக்கொண்ட குழந்தை ஆரன் அடிக்கவும் முடியாது, மின்சாரக் கண்ணாடியை இறக்கவும் முடியாது.

சாவி குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

விஷப்புகை

அடுத்த எமன், அந்த "ஒரு ஸ்டார்ட்!"

மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலை வலிக்கும், வாந்தி வரும். பிறகு மயக்கம். அதோடு முடிந்தது. மழைக்குப் பயந்து ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்டார்ட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு ஆபத்தான அந்த 5 நிமிட ஸ்டார்ட்டால் காருக்கும் லாபம் இல்லை. ஸ்டார்ட் ஆவதற்குச் செலவான கரண்டு பேட்டரியில் திரும்ப ஏறுவதில்லை. சைலன்சருக்குள் தண்ணீர் தங்கி துரு பிடிக்கும்.

ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால், வெளியே எடுத்து அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டி வர வேண்டும். ஆள் இல்லையா? ஸ்டார்ட்டே போடாமல் விடுவது மேல்.

சாரல் செய்யும் வேலை

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சீசன். அந்தச் சாரல் காற்று இந்தப் பக்கமும் வீசும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஈரம்தான் நிற்கும் காருக்கு முதல் எதிரி.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் ஈரத்தில் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தால் போதும்.

காரின் அடிப்பாகத்துச் சேற்றைக் கழுவி, நன்றாகக் காயவிட்டுத்தான் ஷெட்டில் ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து பெயிண்டு கெட்டுவிடும். காற்று புகும் துணி உறையே நல்லது.

என்ஜின் ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துவது நல்லது. ஓடிய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் உள்பாகங்களை அரிக்கும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். டாங்கி காலியாக இருந்தால் உள்ளே காற்றும் ஈரமும் சேரும். ஆகவே சில மாதம்தான் என்றால் டாங்கியை நிரப்பி வைக்கலாம். ஆண்டுக்கணக்கு என்றால் மெக்கானிக்கை வைத்து இறக்கிவிட வேண்டும். கார்புரேட்டர் உள்ள அம்பாசிடர், பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் இதில் உஷார்! பழைய பெட்ரோல் பிசின்போல் ஒட்டி துவாரத்தை அடைத்துவிடும்.

பேட்டரி, டயர்

கார் ஓடாவிட்டாலும் கடிகாரமும் அலாரமும் கரண்டு குடிக்கும். பேட்டரியில் மைனஸ் வயரை முதலில் கழற்ற வேண்டும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்கு ஆயுசு கெட்டி.

ஒரே இடத்தில் நின்றால் டயர் தரையில் படும் பக்கம் சப்பையாகும். காற்றைச் சில பவுண்டு கூட்டி வைக்கலாம். நீண்டகாலம் என்றால் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்தலாம். ஜாக்கியை நம்பி நிறுத்தக்கூடாது.

எலி ராஜ்ஜியம்

நெல் மூட்டை, பிண்ணாக்கு, தீவனம் போட்ட ஷெட்டிலேயே காரையும் நிறுத்தினால் எலிக்குக் கல்யாணம்தான்! வயரைக் கடித்துப் போட்டால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். எலியைத் தேடி பாம்பும் வரும்.

தீவன மூட்டையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். சைலன்சர் வாயைக் கம்பி வலையாலோ துணியாலோ அடைக்கலாம். அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டீரிங்கில் கட்டிவிட வேண்டும். மறந்துபோய் ஸ்டார்ட் போட்டால் ஆபத்து.

இன்சூரன்ஸ்

"ஓடாத வண்டிக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஷெட்டிலேயே தீப்பிடித்தால், திருடு போனால் யார் தருவார்? பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், இழப்பீடு கேட்காதவர்களுக்குக் கிடைக்கும் சலுகையும் போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறங்கினால் முதல் தடவை அபராதம் 2 ஆயிரம் ரூபாய்.

திரும்பி வந்ததும்

ஊர் வந்த அன்றே சாவியைத் திருகக்கூடாது. பானெட்டைத் திறந்து எலிக்கூடு, கடிபட்ட வயர், ஆயில், தண்ணீர் எல்லாம் பார்க்க வேண்டும். சைலன்சர் அடைப்பை எடுத்து, டயருக்குக் காற்று பிடித்து, பேட்டரியை மாட்ட வேண்டும்.

ஷெட் கதவு முழுதும் திறந்திருக்க ஸ்டார்ட் போட்டு வெளியே கொண்டுவந்து, மெதுவாக உருட்டி 2, 3 முறை பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தால்தான் மெயின் ரோடு!