முதல் டிஎஸ்எல்ஆர்: பில் இல்லாமல் வாங்காதீர்கள்

“பில் வேணுமா, வேணாமா? பில் வேணாம்னா ரேட்டு கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்.” கேமரா கடை வீதிகளில் புதிதாகப் படம் பிடிக்கக் கிளம்பும் பலர் காதிலும் இந்தப் பேச்சு விழும். டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2019 ஜனவரிக்கு முன்பு 28 சதவீதமாக இருந்தது. வரி சேராத விலை 40,000 என்றால் வரி மட்டும் 7,200 ரூபாய். கடைக்காரர் ‘குறைத்து’ தருவது இந்தத் தொகையில் ஒரு பங்கைத்தான். மிச்சம் அவர் பையில் போகும், பொருளுக்கான சாட்சியம் உங்கள் கையை விட்டுப் போகும்.

கேட்டால் பில் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆனால் பில் என்று எழுதி ‘கேமரா ஒன்று’ என்று ஒரு வரி போட்டுக் கொடுத்தால் போதாது. மாடல் பெயர், பாடியின் சீரியல் நம்பர், லென்ஸின் சீரியல் நம்பர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். பாடியின் எண் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், டிரைபாட் திருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். லென்ஸின் எண்ணை அதன் உடலிலேயே பார்க்கலாம். பெட்டியில் ஒட்டிய எண், வாரண்டி அட்டையில் உள்ள எண் ஆகியவற்றோடு இவை ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே நின்று பாருங்கள். கூச்சப்பட வேண்டிய காரியமில்லை.

பெட்டியைத் திருப்பினால் இன்னொரு விஷயமும் தெரியும். இறக்குமதியான சிப்பப் பொருளில் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள். இந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி ‘கிரே மார்க்கெட்’ சரக்காக, அதாவது கம்பெனியின் அதிகாரபூர்வ இறக்குமதி வழியில் வராததாக, இருக்க வாய்ப்பு அதிகம். பொருள் அசல்தான், ஓடத்தான் செய்யும். ஆனால் பழுதானால் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் அதற்கு இந்திய வாரண்டி இல்லை என்று கைவிரித்துவிடும். ‘கடை வாரண்டி ஒரு வருஷம்’ என்று சீட்டில் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டின் ஆயுள் கடையின் ஆயுளுக்கு மேல் போகாது.

கிட் பெட்டியில் 18-55 லென்ஸும் சேர்ந்தே வரும். சிலர் அதை எடுத்துவிட்டு ‘பாடி மட்டும் இவ்வளவு’ என்று விற்பார்கள். சீல் உடைந்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பை, டிரைபாட், யுவி ஃபில்டர் என்று கூடவே தள்ளப்படும் ‘காம்போ’வில்தான் லாபம் ஒளிந்திருக்கும். முதல் மாதத்தில் இவற்றில் எதுவும் அவசரமில்லை. மெமரி கார்டு மட்டும் கட்டாயம் வேண்டும். போலி அதில்தான் அதிகம் புழங்குகிறது. 128 ஜிபி என்று காட்டும், உள்ளே அதில் கால்வாசிகூட இருக்காது. நிரம்பியதும் சத்தமில்லாமல் பழைய படங்களை அழித்துக்கொண்டே எழுதும். வாங்கிய அன்றே முழுக்க நிரப்பி, எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் கண்டு பலர் வாயடைத்துப் போகிறார்கள். பழுதுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் சொல்கிறது. ‘நிறம் பிடிக்கவில்லை, வேறு மாடல் வேண்டும்’ என்பதற்கு இந்த உரிமை கிடையாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் துணைக்கு வரும். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பெட்டி பிரிப்பதை, முகவரிச் சீட்டு தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாதத்தை எதிர்பார்த்திருங்கள்: “நீங்க கல்யாண ஆர்டர் எடுக்கத்தானே வாங்கினீங்க? இது தொழில், நீங்க நுகர்வோரே இல்லை.” வணிக நோக்கத்துக்கு வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை என்பது பாதி உண்மை. சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டத்தில் உள்ள விளக்கம் சொல்கிறது. கடன் வாங்கி ஒரு கேமராவோடு தொழிலில் இறங்கும் இளைஞருக்கு இந்த விளக்கம்தான் கவசம். பல கேமராக்களும் சம்பள ஆட்களுமாக ஸ்டூடியோ நடத்துபவர் இதைக் காட்டி உரிமை கோருவது கடினம்.

இனி செகண்ட் ஹேண்ட். 2020-இல் வந்த கேனான் 850டி, நிக்கான் டி6 ஆகியவற்றுக்குப் பிறகு இரு நிறுவனங்களும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. மொத்தக் கவனமும் மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் போய்விட்டது. ஆகவே இன்று பலரின் முதல் டிஎஸ்எல்ஆர் யாரோ பயன்படுத்தியதுதான். விலையைப் பார்த்தால் புத்திசாலித்தனமான முடிவு என்றே சொல்வேன், சோதித்து வாங்கினால்.

முதலில் ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை. தொடக்கநிலை மாடல்களின் ஷட்டருக்குப் பொதுவாக ஒரு லட்சம் கிளிக் ஆயுள் என்று கணக்கு வைப்பார்கள். ஒரு கல்யாணத்திலேயே ஆயிரக்கணக்கில் போய்விடும். நிக்கான் என்றால் அங்கேயே ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பின் எக்ஸிஃப் தகவலில் எண்ணைப் பார்க்கலாம். கேனானின் தொடக்கநிலை மாடல்கள் படத்தில் இதை எழுதுவதில்லை. அதற்குத் தனி மென்பொருளோ சர்வீஸ் சென்டரோ வேண்டும். அடுத்து, லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போலக் கோடுகள் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். கடலோரத்து ஈரக்காற்றில் இது சாதாரணம், சுத்தம் செய்தாலும் கண்ணாடியின் பூச்சை அரித்திருக்கலாம். பிறகு எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்குங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி வந்தால் சென்சாரில் தூசியோ கீறலோ இருக்கிறது. தூசி துடைத்தால் போகும், கீறல் போகாது.

இதைவிடப் பெரிய ஆபத்து திருட்டுச் சரக்கு. போலி அடையாள அட்டை கொடுத்து வாடகைக்கு எடுத்த கேமராவை அப்படியே விற்றுவிடும் ஆட்கள் உண்டு. நம்ப முடியாத விலை, பெட்டியும் பில்லும் இல்லை, ‘அவசரமா ஊருக்குப் போறேன்’ என்ற கதை மூன்றும் சேர்ந்தால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றியோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி குற்றம். அசல் பில்லின் நகல், விற்பவரின் அடையாள நகல், சீரியல் எண்களோடு கையெழுத்திட்ட ரசீது ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, பணத்தை வங்கி வழியாக அவர் பெயருக்கே அனுப்புங்கள். பொருளைக் கையில் பார்க்காமல் ‘டோக்கன்’ அனுப்பச் சொன்னாலோ, நீங்கள் விற்கும்போது ‘பணம் வர ஸ்கேன் பண்ணுங்க’ என்றாலோ அது மோசடி. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கிவைக்கும் வாய்ப்பு குறையும்.

ஒரு தனிநபரிடம் வாங்கியது பழுதானால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவாது, ஏனெனில் அவர் வணிகர் அல்லர். பழைய கேமராக்களை விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடை என்றால் சட்டம் பொருந்தும். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது கடையில் வாங்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தகராறு வந்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், மின்னஞ்சலே போதும். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது சீரியல் எண்ணும் கோளாறும் எழுதிய ஜாப் ஷீட் இல்லாமல் கேமராவை விட்டுவிட்டு வராதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். 3 மாதத்திலும், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இதைவிட நீளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா கைக்கு வந்ததும் உரிமைக் கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். தெருவில் படம் எடுக்க யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் முகத்தை அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994-லேயே நக்கீரன் இதழின் ஆசிரியர் கோபால் தொடுத்த ஆட்டோ சங்கர் வழக்கில் சொல்லிவிட்டது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்கீழ் 3 ஆண்டுவரை சிறை. தமிழகக் கோவில்களுக்குள் மொபைலுக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெரிய கேமராவோடு போகிறவர் கோவில் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

எடுத்த படம் யாருடையது என்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். தன் விருப்பப்படி எடுத்த படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்கே. 2012 திருத்தத்துக்குப் பிறகு அவர் ஆயுள் முழுக்கவும் அதன்பின் 60 ஆண்டும். ஆனால் கூலி பேசி, ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுத்த படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைப் பணம் கொடுத்தவருக்கே தருகிறது. கல்யாண வீட்டாரின் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட விருப்பமிருந்தால், ரா ஃபைல்கள் யாரிடம் இருக்கும், எந்தப் படங்களை நீங்கள் மாதிரிக்குக் காட்டலாம் என்பதை அட்வான்ஸ் வாங்கும்போதே கொட்டேஷனில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.