ஒரு கிராம் அலுமினியம்

வாணியம்பாடியை அடுத்த சவ்வாது மலையில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. 1986 சனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட அதன் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் விட்டம் உடையது. ஆனால் விண்மீனின் ஒளியைத் திருப்பி அனுப்புவது அந்தக் கண்ணாடியன்று. அதன்மேல் படிந்துள்ள அலுமினியப் படலமே. வெறும் கண்ணாடி, நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத்தான் பிரதிபலிக்கும். அலுமினியமோ ஏறக்குறைய 90 பங்கைத் திருப்பிவிடும்.

இதற்கு எவ்வளவு உலோகம் தேவை? படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் அளவில் இருந்தால் போதும். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். கண்ணாடியின் பரப்பு சுமார் 4.3 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் கன அளவு 0.43 கன சென்டிமீட்டர். அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஆகவே எடை ஒரு கிராமுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான்!

இந்த ஒரு கிராமை அவ்வளவு பரப்பிலும் ஒரே சீராகப் பரப்புவது எவ்வாறு? உலோகத்தை அணு அணுவாகப் பிரித்துப் படியச் செய்ய வேண்டும். வெற்றிடத்தில் உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்குவது ஒரு வழி. ஆங்கிலத்தில் ‘ஸ்பட்டரிங்’ எனப்படும் தெறிப்பு முறை மற்றொரு வழி. நைனிடாலுக்கு அருகே தேவஸ்தலில், 2016 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடிக்கு இம்முறையிலேயே பூச்சு இடப்பட்டது. பூச்சுக் கருவியை நிறுவியது பெங்களூரின் ஹிந்த் ஹை வேக்குவம் நிறுவனம்.

அணுக்களின் கேரம் ஆட்டம்

ஒரு கலத்திலிருந்து காற்றை வெளியேற்றிவிட்டு, சிறிதளவு ஆர்கான் வாயுவைச் செலுத்துகிறார்கள். அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளே இருக்கும் அலுமினியத் தகட்டுக்குச் சில நூறு வோல்ட் எதிர்மின்னழுத்தம் தரப்படுகிறது. விரைந்தோடும் எலக்ட்ரான்கள் ஆர்கான் அணுக்களை மோதி, அவற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. அணுக்கள் நேர்மின் அயனிகளாகின்றன. அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்து ஒளிரும் இந்நிலையே பிளாஸ்மா.

நேர்மின் அயனிகள் எதிர்மின் தகட்டை நோக்கிப் பாய்ந்து மோதுகின்றன. கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் பட்டதும் காய்கள் சிதறுகின்றன அல்லவா? அதுபோல அலுமினிய அணுக்கள் தெறித்து வெளியேறி, எதிரேயுள்ள கண்ணாடியில் படிகின்றன. உலோகம் உருகுவதில்லை. தகட்டின் பின்னால் காந்தங்களை வைத்தால், எலக்ட்ரான்கள் தகட்டருகிலேயே சுழன்று மேலும் பல அயனிகளை உண்டாக்கும். இதுவே மேக்னட்ரான் முறை.

இந்நிகழ்ச்சி புதியதன்று. மின்கலத் துறையில் புகழ்பெற்ற வில்லியம் குரோவ், 1852இலேயே மின்னிறக்கக் குழாயில் உலோகம் படிவதைக் கண்டு எழுதினார். பழைய டியூப் லைட்டின் முனைகள் கறுத்திருப்பதற்கும் இத்தெறிப்பு ஒரு காரணம்.

படலமா, துகளா?

வாயு அழுத்தம் குறைவாக இருந்தால் தெறித்த அணுக்கள் வழியில் அதிகம் மோதாமல் சென்று படலமாகும். அழுத்தத்தை நூறு மடங்கு உயர்த்தினால் என்ன ஆகும்? அணுக்கள் வாயுவோடு திரும்பத் திரும்ப மோதி, ஆற்றலை இழந்து, வழியிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேகத்தில் நீர்த்துளி திரள்வதைப் போல நானோ துகள்கள் உருவாகும். 5 நானோமீட்டர் விட்டமுள்ள வெள்ளித் துகளில் சுமார் 4,000 அணுக்கள் இருக்கும். அவற்றுள் ஏறத்தாழ கால் பங்கு மேற்பரப்பிலேயே இருக்கும். எனவே அது சுற்றுப்புறத்தோடு எளிதில் வினைபுரியும்.

வெள்ளி அயனிகள் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அழிக்கும். ஆகையால் காலணியின் உட்புறத் தோலில் தெறிப்பு முறையால் வெள்ளியைப் படியவைக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிலால் வாழும் நமக்கு இது அக்கறைக்குரிய செய்தி. இப்பூச்சுக்கு நீர் தேவையில்லை, கழிவுநீரும் இல்லை.

ஆனால் மிகைப்படுத்திச் சொல்லலாகாது. தோல் கழிவுநீரின் பெரும்பகுதி பதனிடுதலில் உண்டாவது. அதைப் பிளாஸ்மா மாற்றிவிடாது. மேலும், தோலில் உள்ள ஈரம் வெற்றிடத்தில் ஆவியாகி வெளிவந்துகொண்டே இருப்பதால் கலத்தை வெற்றிடமாக்க நேரமும் செலவும் கூடும். ஒரு ஜோடி காலணிக்கு இச்செலவு கட்டுபடியாகுமா என்பதே இங்கு விடை காண வேண்டிய வினா.