அறிக்கைக்குள் ஒரு பெயரைத் தேடுதல்

காணாமல் போனோரின் உறவுகள் 1994, 2010, 2013ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்கள் முன் சாட்சியம் சொன்னார்கள். அந்தப் பதிவுகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள். தமிழ்ப் பிரதிகளில் ஒரு பெயரைத் தேட நான் பயன்படுத்துவது லினக்ஸ் கட்டளைவரியில் உள்ள 'க்ரெப்'. கென் தாம்சன் 1970களில் யுனிக்ஸுக்காக எழுதிய சிறு நிரல் அது.

சிக்கல் எழுத்துக்கூட்டலில்தான். கல்முனையில் ஒரே பெயர் முகமது, முகம்மது, முஹமது, முஹம்மது என்றெல்லாம் பதிவாகும். க்ரெப்பில் பெரிய 'ஈ' தெரிவுடன் இப்படிக் கொடுக்கலாம்:

மு[கஹ](ம்)?மது

சதுர அடைப்புக்குள் இருப்பதில் ஏதேனும் ஒன்று வரலாம். கேள்விக்குறிக்கு முன்னிருப்பது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. நான்கு வடிவங்களும் அகப்படும். பெரிய 'சி' தெரிவுடன் 5 என்று சேர்த்தால், முன்னும் பின்னும் ஐந்து வரிகளும் கிடைக்கும்.

ஒருவரின் சாட்சியம் முழுவதும் வேண்டுமானால், 'செட்' கட்டளைக்குத் தொடக்க வரியையும் முடிவு வரியையும் கொடுங்கள். இடைப்பட்ட பகுதியை மட்டும் எடுத்துத் தரும். முடிவு வரி அகப்படாவிட்டால் கோப்பின் கடைசி வரை கொட்டிவிடும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சான கோப்பிலும், ஸ்கேன் செய்த படத்திலும் தமிழில் தேடினால் ஒன்றும் வராது. முதலில் யுனிகோட் எழுத்தாக மாற்ற வேண்டும்.

விடை வராவிட்டால், அந்த எழுத்துக்கூட்டலில் இல்லை என்பதே பொருள். 'முஹம்மத்' என்றும் தேடிப் பார்க்காமல், காத்திருக்கும் ஓர் உம்மாவிடம் "மகனின் பெயர் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள்.