நாரிப் பிடிப்பும் சீன ஊசியும்

நம்மூரில் வலிக்கு ஒரு சொல் போதாது. நாரி பிடிக்கும், கால் உளையும், முழங்கால் கடுக்கும், கழுத்து சுளுக்கும். காரணம் கேட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வாய்வு அடைச்சிட்டு." தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்தப் பதிலில் ஒரு வியப்பு உண்டு. லிங்கநகர் ஒழுங்கையில் ஒரு மூத்தம்மா சொல்லும் இதே காரணத்தைத்தான் சீன வைத்தியமும் ஈராயிரம் வருடமாகச் சொல்லி வருகிறது. சீனக்குடா என்ற பெயரைத் தினமும் உச்சரிக்கிற நாம், அந்தச் சீனத்தாரின் வைத்தியம் என்ன சொல்கிறது, எதில் உதவும், எதில் உதவாது என்று அறிந்துகொள்வது நல்லது. தொழுகையில் ருகூஉவுக்கும் சுஜூதுக்கும் முடியாமல் கதிரையில் அமர்ந்து தொழுவோர் கூடிவரும் காலம் இது. 'சீனச் சிகிச்சை' என்ற பலகைகளும் பெருகிவிட்டன.

உடலில் 'ச்சி' என்றொரு உயிர்விசை சில தடங்கள் வழியே ஓடுகிறது, அது தங்குதடையின்றி ஓடினால் சுகம், அடைபட்டால் வலி என்பது சீனக் கொள்கை. குளிர், காற்று, ஈரம் ஆகியவை மூட்டில் புகுந்து அடைப்பை உண்டாக்கும் என்றும் அவர்கள் சொல்வார்கள். மாரிகாலத்தில் "கால் உளையுது" என்று முனகும் நம்மவர்களுக்கு இது அந்நியப் பேச்சாகத் தோன்றாது.

அந்த வைத்தியம் முஸ்லிம் உலகுக்கும் புதிதல்ல. ஈரானை ஆண்ட மங்கோலியரின் அமைச்சராகவும் வைத்தியராகவும் இருந்த ரஷீதுத்தீன், சீன நாடி நூலொன்றைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். 'தன்சூக்நாமா' எனும் அந்நூலின் 1313ஆம் ஆண்டுப் பிரதி இஸ்தான்புல்லில் இருக்கிறது. அவருக்கு முந்நூறு வருடம் முன் வாழ்ந்த இப்னு சீனா (980–1037), தமது 'கானூன்' நூலில் உடம்பு பிடிப்பதை அழுத்தமானது, மென்மையானது என்று வகைபிரித்து, ஒவ்வொன்றும் உடலை என்ன செய்யும் என்று விளக்கியிருக்கிறார்.

சிகிச்சை முறைகள் பல. மயிர் போன்ற மெல்லிய ஊசியைக் குறித்த இடங்களில் ஏற்றுவது அக்குபங்சர். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இத்தகைய 361 இடங்கள் உள்ளன. மாசிபத்திரி இனத்து இலையைக் காயவைத்துச் சுருட்டி, புள்ளிக்கு அருகே கனல வைத்துச் சூடு கொடுப்பது மொக்சா. நொச்சி இலை ஒத்தடம் போட்டவர்களுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளி வாளியாக அள்ளி ஊற்றியவர்களுக்கும் சூட்டின் சுகம் தெரியும். சூடு பட்டால் இறுகிய தசை இளகும், இரத்த ஓட்டம் கூடும். கையாலும் முழங்கையாலும் அழுத்தி, உருட்டி, மூட்டை அசைத்துக் கொடுப்பது துய்னா. நம் ஊர்ப் பரிகாரிமார் எண்ணெய் போட்டு உருவுவது இதன் ஒன்றுவிட்ட சகோதரம்.

கடைசியாகக் குவளை வைப்பது. வெற்றுக் குவளை தோலை இழுத்துப் பிடிக்கும். தோலைக் கீறி இரத்தம் எடுத்தால் அதுவே ஹதீஸ்களில் சிறப்பித்துச் சொல்லப்படும் ஹிஜாமா. இந்தப் பெயரைக் கேட்டதும் சிலர் மறுகேள்வி இல்லாமல் முதுகைக் காட்டிவிடுகிறார்கள். சுன்னத்தான முறை என்பது கத்தியைச் சுத்தம் செய்யாமல் விடுவதற்கு அனுமதியல்ல. ஒருவருக்குப் பாவித்த பிளேட் மற்றவர் தோலைத் தொட்டால் ஈரல் அழற்சிக் கிருமி பரவலாம். இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவர்களும், இரத்தச்சோகை உள்ளவர்களும், கட்டுப்பாடில்லாத நீரிழிவு உள்ளவர்களும் தம் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

இலங்கையில் அக்குபங்சரைப் பரவலாக்கியவர்களில் முதலில் நிற்பவர் டாக்டர் அன்ரன் ஜயசூரிய. களுபோவிலை அரசாங்க ஆஸ்பத்திரியில் மேற்கத்திய முறைப்படி மூட்டுநோய் பார்த்தவர் அவர். அதே ஆஸ்பத்திரியில் ஊசிச் சிகிச்சையும் நடத்தினார். அதைக் கற்க வெளிநாட்டவர்களும் வந்தார்கள். இரண்டையும் ஒருவரே கையாண்டது நமக்கும் ஒரு பாடம்: நோய் என்னவென்று கண்டுபிடிப்பது முதலில், ஊசியா குளிசையா என்பது பிறகு.

சரி, ஊசி வேலை செய்யுமா? ஜேர்மனியில் நாட்பட்ட நாரி வலி உள்ள 1,162 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மையான பதில் தருகிறது. ஒரு பகுதியினருக்கு முறையான சீனப் புள்ளிகளில் ஊசி போட்டார்கள். இன்னொரு பகுதியினருக்குப் புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள். மூன்றாம் பகுதியினருக்கு வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், முதல் குழுவில் 47.6 வீதமானோருக்கும் இரண்டாம் குழுவில் 44.2 வீதமானோருக்கும் மூன்றாம் குழுவில் 27.4 வீதமானோருக்கும் குணம் தெரிந்தது.

இதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஊசி போட்டவர்களுக்கு மற்றவர்களைவிட ஆறுதல் கிடைத்தது உண்மை. ஆனால் குத்திய இடம் சரியா பிழையா என்பது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. ஆகவே 'ச்சி' ஓடும் தடம் என்பதை உடற்கூறாக அல்லாமல், வலியைப் பேசுவதற்கான ஒரு மொழியாகக் கொள்வதே பொருத்தம். நம் 'வாய்வும்' அப்படித்தான். பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2021இல் காரணம் பிடிபடாத நாட்பட்ட வலிக்கு அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்றது. 2022இல் மூட்டுத் தேய்வுக்கு அது வேண்டாம், உடற்பயிற்சியே முதல் மருந்து என்றது. ஒரே முறை, இரண்டு நோய், இரண்டு பதில்.

அதனால்தான் 'மூட்டு வலி' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு சிகிச்சைக்குப் போவது ஆபத்து. தேய்வு வேறு, முடக்குவாதம் வேறு, யூரிக் அமிலம் படிந்து பெருவிரல் வீங்குவது வேறு, 2006இன் கடைசியில் கிழக்கை முடக்கிய சிக்குன்குன்யா வேறு. முடக்குவாதத்துக்குக் காலத்தோடு மருந்து எடுக்காவிட்டால் மூட்டு கோணிப்போகும். பிறகு எந்த ஊசியும் அதை நிமிர்த்தாது. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், காலில் விறைப்பும் பலவீனமும் கூடினால், மலசலம் கட்டுப்படாமல் போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்து அடிபட்ட மூட்டைப் படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் உருவக்கூடாது.

ஊசி போடப் போகிறவர்கள் மூன்று விஷயம் கேளுங்கள். ஊசி உங்கள் கண்முன்னே புதுப் பொதியிலிருந்து எடுக்கப்படுகிறதா? வைத்தியர் பதிவு உள்ளவரா? உள்ளுக்குக் குடிக்கத் தரும் தூளிலும் குளிசையிலும் என்ன இருக்கிறது? மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் வலி மருந்துகளில் ஸ்டீரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். ஸ்டீரொயிட் சீனியை ஏற்றும், எலும்பை அரிக்கும்.

பழந்தமிழில் 'வலி' என்றால் வலிமை. தேய்ந்த முழங்காலுக்கும் அந்தப் பொருள்தான் மருந்து. தொடைத் தசைக்கு வலு ஏறினால் மூட்டின் சுமை குறையும். கதிரையில் இருந்தபடியே காலை நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு வக்துத் தொழுகைக்குப் பிறகும் பத்துத் தரம். காசு செலவில்லை. இதைச் செய்துகொண்டு, ஒத்தடமும் போடுங்கள், விரும்பினால் ஊசியும் குத்துங்கள்.