திண்ணைப் பள்ளிகளின் குறும்பாட முறை: எண்சுவடியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்து, எண், ஒழுக்கம் ஆகிய அடிப்படைப் பாடங்களைத் திண்ணைப் பள்ளிகள் மிகச் சிறிய அலகுகளாகப் பகுத்துக் கற்பித்தன. அவ்வலகுகளைக் குறும்பாடம் எனக் குறிப்பிடலாம். குறும்பாடத்தின் பயன் அதன் சிறுமையால் மட்டும் விளைவதன்று. வரிசை, மீள்கை, சரிபார்ப்பு, புழக்கம் என்னும் நான்கும் அதனோடு இணைந்திருந்தமையால் விளைந்தது என்பதை எண்சுவடியின் அமைப்பு வழியாக இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறையின் குறைகளையும் இன்றைய கற்பித்தலுக்கு அது உணர்த்துவதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: திண்ணைப் பள்ளி, எண்சுவடி, குறும்பாடம், வாய்பாடு, நினைவாற்றல், கீழ்வாயிலக்கம்

முன்னுரை

பாடங்களைச் சிறு துண்டுகளாக்கிக் கற்பிப்பது இன்றைய தொழில்நுட்பம் தந்த புதுமை என்றே பலரும் கருதுகின்றனர். தமிழகத்தின் தொடக்கக் கல்வி நெடுங்காலம் இவ்வகையிலேயே நிகழ்ந்தது. 1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ உள்நாட்டுப் பள்ளிகள் குறித்த கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டின் அவரது குறிப்பு, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணவர் பயின்றதாகத் தெரிவிக்கிறது. தமிழ்ப் பகுதிகளில் இத்தகைய தொடக்கப் பள்ளிகளுள் பெரும்பாலானவை ஓராசிரியரைக் கொண்ட திண்ணைப் பள்ளிகளே. வெவ்வேறு வயதும் தரமும் உடைய மாணவரை ஒரே ஆசிரியர் கற்பிக்க நேர்ந்த சூழலில், பாடத்தின் அளவும் அமைப்பும் முதன்மை பெற்றன.

எழுத்தும் நீதியும்: வரிசையே நினைவின் துணை

மணலில் விரலால் எழுதிப் பழகிய மாணவன், பின்னர் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் மாறினான். எழுத்துக் கற்றதும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற நூல்கள் பாடமாயின. இவற்றின் அடிகள் தனித்தனியே பொருள் முற்றுப்பெறுபவை, அகரவரிசையில் அமைந்தவை. எனவே ஓரடியைச் சொல்லும் மாணவனுக்கு அடுத்த அடியின் முதலெழுத்து முன்னரே தெரிந்திருக்கிறது. கற்ற எழுத்து வரிசை புதிய பாடத்தை நினைவூட்டுகிறது. புதிய பாடம் எழுத்து வரிசையை வலுப்படுத்துகிறது. ஒரே குறும்பாடம் எழுத்தையும் சொல்லையும் நீதியையும் ஒருங்கே சுமந்தது.

எண்சுவடியின் அமைப்பு

குறும்பாட முறையின் முழு வளர்ச்சியை எண்சுவடியில் காணலாம். முழு எண்களுக்குரிய மேல்வாயிலக்கம், பின்னங்களுக்குரிய கீழ்வாயிலக்கம், நெல் அளவைக்குரிய நெல்லிலக்கம், நில அளவைக்குரிய குழிமாற்று முதலிய பகுதிகளை அது கொண்டது. பின்னங்கள் ஒவ்வொன்றும் தனிப்பெயர் பெற்றிருந்தன. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, வீசம் எனப்படும் மாகாணி 1/16, அரைக்கால் 1/8. நெல் அளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என வரிசை தொடர்ந்தது.

மா வாய்பாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒன்று முதல் பத்து வரை அதன் விடைகள் மா, இருமா, மும்மா, நாலுமா, கால், காலே மா, காலே இருமா, காலே மும்மா, காலே நாலுமா, அரை என அமையும். ஐந்தாம் இடத்தில் 'ஐந்துமா' என்னாமல் 'கால்' என்று சொல்ல வேண்டும். ஏழாம் இடத்தில் 7/20 என்னும் அளவு, 1/4, 1/10 ஆகிய இரண்டின் கூட்டாக, 'காலே இருமா' எனப் பிரிந்து நிற்கிறது. ஆகவே இவ்வாய்பாடு வெறும் ஒலிக்கோவை அன்று. ஒரு பின்னத்தை அதனினும் பெரிய பின்னத்தோடு பொருத்தி வழக்கிலுள்ள வடிவில் கூறும் பயிற்சி, ஒவ்வோர் அடியிலும் உள்ளடங்கியிருக்கிறது. பத்தே அடிகளில் பின்னக் கூட்டலின் அடிப்படை பழகிவிடுகிறது.

சரிபார்ப்பும் மீள்கையும்

வாய்பாட்டின் இறுதியில் அதன் பெருக்குத்தொகைகள் அனைத்தின் கூட்டுத்தொகையையும் தருவது எண்சுவடிகளில் காணப்படும் சிறப்புக் கூறாகும். ஒன்று முதல் பத்து வரையிலான எண்களின் கூட்டுத்தொகை 55. எனவே மா வாய்பாட்டின் தொகை 55/20, அதாவது இரண்டே முக்கால். காணி வாய்பாட்டின் தொகை 55/80, அதாவது 11/16. அதனை 'அரையே மூவீசம்' எனலாம். தான் சொன்ன விடைகளைக் கூட்டிப் பார்க்கும் மாணவனுக்கு இத்தொகை கிடைக்கவில்லையெனில், இடையில் ஏதோ ஓரடி பிழைத்துள்ளது என்பது புலனாகும். பிழையைக் கண்டறியும் கருவி பாடத்திற்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது.

மீள்கைக்கும் தனி ஏற்பாடு இருந்தது. முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை பாடம் சொல்ல, ஏனையோர் திருப்பிச் சொல்வர். இளையோர்க்குச் சொல்லித் தருவதால் மூத்தோர் கற்றதும் உறுதிப்பட்டது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' மற்றொரு வழக்கத்தையும் பதிவு செய்கிறது. மாலையில் வீடு திரும்பும் மாணவர்க்கு ஆசிரியர் பூ, பறவை, ஊர் போன்றவற்றின் பெயர்களைச் சொல்லியனுப்புவார். மறுநாள் அவற்றை மறவாமல் ஒப்புவிக்க வேண்டும். ஓரிரவு இடைவெளிக்குப் பின் நினைவிலிருந்து மீட்டெடுப்பதே இப்பயிற்சியின் உட்கிடை.

நினைவு குறித்த அறிவியல் ஆய்வுகள் இதற்கு அரண் சேர்க்கின்றன. இடைவெளி விட்டுப் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதைவிட நிலைத்த பயன் தருவதை எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே மேம்பட்டிருந்தனர். ஒரு வாரத்திற்குப் பின், படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள் மேம்பட்டனர். உடனடித் தேர்ச்சியும் நிலைத்த அறிவும் வேறு வேறு என்பது இதனால் தெளிவாகிறது.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண் ஆதரவற்றோர் இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். பாடம் சிறிதாக இருத்தல், ஒன்றை முழுமையாகக் கற்ற பின்னரே அடுத்ததற்குச் செல்லுதல் ஆகியன அவர் வலியுறுத்திய நெறிகள். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியாக இது 'மதராஸ் முறை' என இங்கிலாந்தில் பரவியது.

முறையின் குறைகள்

இம்முறையை முற்றிலும் குறையற்றதாகக் கொள்ளுதல் பொருந்தாது. பல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்ப்பெல் தமது 1823ஆம் ஆண்டு அறிக்கையில், மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் சிக்கன முறையைப் பாராட்டினார். அதே அறிக்கையில், வழக்கிலுள்ள மொழியினின்று வேறுபட்ட செய்யுள்களைப் பொருள் உணராமலே மாணவர் மனனம் செய்வதையும் கண்டித்தார். அவர் கண்டவை தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். ஆயினும் செய்யுள் மனனத்தைச் சார்ந்திருந்த தமிழ்ப் பள்ளிகளுக்கும் அக்கண்டனம் பெரிதும் பொருந்தும். மன்றோவின் கணக்கில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே என்பது இக்கல்வியின் எல்லையைக் காட்டுகிறது.

எண்சுவடியின் நிலை இதனின் வேறானது. திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கு நினைவாற்றல் என்பது வெறும் மனப்பாடம் அன்று, கற்றலின் ஒரு வழிமுறை என நிறுவுகிறார். களத்தில் நெல்லையும் வயலில் நிலத்தையும் அளந்த சமூகத்தில் வாய்பாட்டிற்குப் பொருள் நாள்தோறும் கிடைத்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா வழங்கிய காலத்தில் வீசம் என்பது கைக்காசாகவே இருந்தது. 1957இல் பதின்மக் காசு முறையும் அதனையொட்டி மெட்ரிக் அளவைகளும் வந்தபோது அப்புழக்கம் நீங்கியது, வாய்பாடும் பொருளிழந்தது.

இன்றைய பொருத்தம்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றலிலும் பாடம் சிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டது. ஆனால் அட்டைகள் தனித்து நிற்கவில்லை. ஏணிப்படி வரிசை முன்னறிவைக் காத்தது. மதிப்பீட்டு அட்டை சரிபார்ப்பாயிற்று. குழுவில் பயில்தல் சட்டாம்பிள்ளையின் பணியை ஒருவாறு நிரப்பியது. இதற்கு மாறாக, இன்று பெருகிவரும் சிறு காணொளிப் பாடங்கள் பலவற்றில் பாடம் சுருங்கியிருக்கிறதே தவிர, மாணவன் திருப்பிச் சொல்லவும் பிழையறியவும் இடமில்லை. பார்த்து முடித்தவுடன் தோன்றும் தெளிவு, அறிவாகத் தவறாக எண்ணப்படுகிறது. அடிப்படைப் பாடங்களில் பின்தங்கிய குழந்தைக்கே இதனால் இழப்பு மிகுதி. கற்றுவிட்டதாகக் கருதப்படுவதால் அக்குழந்தையின் குறை வெளிப்படாமலே போகிறது.

முடிவுரை

குறும்பாடம் பயனுற நான்கு கூறுகள் வேண்டும் என்பதை எண்சுவடி உணர்த்துகிறது. முன்கற்றதனோடு இணைக்கும் வரிசை, இடைவெளிக்குப் பின் நினைவிலிருந்து மீட்கும் மீள்கை, பிழையைத் தானே அறியச் செய்யும் சரிபார்ப்பு, வாழ்வில் பொருள் தரும் புழக்கம் ஆகியன அவை. முதல் மூன்றைப் பாட அமைப்பாலேயே உண்டாக்கலாம். நான்காவது, பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்க்கையைச் சார்ந்தது. பொருளறியாச் செய்யுள் மனனமும் வழக்கொழிந்த வாய்பாடும் இந்நான்காம் கூறு இல்லாதபோது நேர்வதைக் காட்டுகின்றன. எண்சுவடியின் பழைய அளவைகளை மீட்பது இன்று தேவையன்று. ஒவ்வொரு வாய்பாட்டின் இறுதியிலும் தொகையை வைத்த அந்தக் கற்பித்தல் நுண்ணறிவு, புதிய குறும்பாடங்களை வகுப்போரால் கருதத்தக்கது.