கிண்டி வனமும் பெரும்பாக்கத்துச் சிறுவரும்

பெரும்பாக்கத்திலிருந்து புறப்பட்டு, கிண்டிச் சிறுவர் பூங்காவை அண்மையில் கண்டு வந்தோம். கம்பெனி காலந்தொட்டு அந்நிய கவர்னர்களின் ஓய்வு மாளிகையாக விளங்கிய கிண்டி லாட்ஜைச் சூழ்ந்திருந்த வனத்தின் ஒரு பகுதியே அது.

சுதந்திரம் வந்தபின் அவ்வனத்தின் கதவு ஜனங்களுக்குச் சிறிது சிறிதாகத் திறந்தது. 1956-ல் காந்தி மண்டபமும், 1959-ல் தொழில்நுட்பக் கழகமும் அங்கே எழுந்தன. எஞ்சிய காட்டில் சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் 1978-ல் தேசியப் பூங்காவாயிற்று. வெளிமானும் புள்ளிமானும் இன்றும் அங்கே உலவுகின்றன.

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழைகளின் குழந்தைகளோ, பெரும்பாக்கத்தில் சதுப்புநிலத்தருகே அடுக்கு வீடுகளில் வளர்கின்றனர். துரைமாருக்கு ஒரு வனமே வேண்டியிருந்தது. இக்குழந்தைகளுக்கு ஒருநாள் மரநிழலேனும் வேண்டாமா? ஆண்டுக்கொருமுறை அவர்களைக் கிண்டிக்கு அழைத்துச் செல்லச் சர்க்கார் வாகனம் தருக. பொதுச் சொத்து என்னும் சொல் அன்றுதான் மெய்யாகும்.