இசைக்கலைஞர்கள் சிந்தசைசர் வாசிக்கத் தொடங்கிய வழிகள்

சிந்தசைசர் என்பது மின்சுற்றுகளின் உதவியால் ஒலியை உருவாக்கி, அந்த ஒலியின் தன்மையை வாசிப்பவரே மாற்றியமைக்க இடமளிக்கும் மின்னணு இசைக்கருவியாகும். வீணை, வயலின், பியானோ போன்ற கருவிகளைப் பெரும்பாலானோர் சிறு வயதில் ஆசிரியரிடமோ குடும்பத்தினரிடமோ கற்கத் தொடங்குகின்றனர். 1960களில் அறிமுகமான சிந்தசைசருக்கு அத்தகைய ஆசிரியர்களோ பாடமுறையோ இருக்கவில்லை. எனவே அதன் முதல் தலைமுறைக் கலைஞர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு வழியில் அதனை வந்தடைந்தனர். ஓர் இசைத்தட்டைக் கேட்டது, யாரோ விட்டுச்சென்ற கருவியைத் தொட்டுப் பார்த்தது, கருவியை உருவாக்கியவரைச் சந்தித்தது, வீட்டிலேயே கருவிகள் இருந்தது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவர்களின் வரலாறுகளை ஒப்பிட்டால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. ஆர்வத்தைத் தூண்டியது பெரும்பாலும் புதிய ஒலி. அந்த ஆர்வம் நிலைத்தது, கருவியோடு நீண்ட நேரம் செலவிடும் வாய்ப்புக் கிடைத்ததால்.

கருவியின் தோற்றம்

1957ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நிறுவப்பட்ட ஆர்.சி.ஏ. மார்க் 2 என்ற சிந்தசைசர் ஓர் அறையையே நிறைக்கும் அளவுக்குப் பெரியது. இசைக்கான கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டு அதற்குள் செலுத்த வேண்டும். இதனைப் பல்கலைக்கழகம் சார்ந்த இசையமைப்பாளர்கள் சிலரே பயன்படுத்த முடிந்தது.

இந்நிலை 1964இல் மாறத் தொடங்கியது. இளவயது முதல் தெரமின் என்னும் மின்னணு இசைக்கருவியைச் செய்து விற்றுவந்த பொறியாளர் ராபர்ட் மோக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டொய்ச்சுடன் இணைந்து புதிய சிந்தசைசர் ஒன்றின் முன்மாதிரியை உருவாக்கினார். இதன் அடிப்படை மின்னழுத்தக் கட்டுப்பாடு ஆகும். அலையியற்றி ஒலியைத் தோற்றுவிக்கும்; வடிகட்டி அதில் வேண்டாத அதிர்வெண்களைக் குறைக்கும்; பெருக்கி ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும். இம்மூன்றையும் மின்னழுத்தத்தை மாற்றுவதன் மூலம் இயக்கலாம். விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் அதற்குரிய மின்னழுத்தம் அலையியற்றிக்குச் சென்று சுரத்தைத் தீர்மானிக்கும். பியானோ வாசிக்கத் தெரிந்தவர் தம் கைப்பழக்கத்தை விடாமலே புதிய ஒலிகளுக்குள் நுழைய இது வழிசெய்தது. அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா, வழக்கமான விசைப்பலகைக்குப் பதிலாகத் தொடு தகடுகள் கொண்ட கருவியை வடிவமைத்தார்.

இசைத்தட்டு வழியே வந்தவர்கள்

சிந்தசைசரைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது வெண்டி கார்லோசின் "சுவிட்ச்டு ஆன் பாக்" என்ற இசைத்தொகுப்பு (1968). ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகள் இதில் மோக் சிந்தசைசரில் இசைக்கப்பட்டன. அக்கருவியில் ஒரே நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே வாசிக்க முடியும். ஆகையால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே பதிவுசெய்து நாடாவில் அடுக்கடுக்காகச் சேர்க்க வேண்டியிருந்தது. இத்தொகுப்பு 1970இல் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது.

இந்த இசைத்தட்டைக் கேட்டே பலர் சிந்தசைசரை நாடினர். இங்கிலாந்தின் கீத் எமர்சன் இதனை ஓர் இசைத்தட்டுக் கடையில் கேட்டார். பின்னர் மோக் கருவியை மேடைக்குக் கொண்டுசென்று, ராக் இசையில் அதனைப் புகழ்பெறச் செய்தார். 1970இல் வெளியான "லக்கி மேன்" பாடலின் இறுதியில் அவர் வாசித்த தனிப்பகுதி, அடுத்த தலைமுறை வாசிப்பாளர்கள் பலருக்குத் தூண்டுதலாக அமைந்தது.

ஜப்பானின் இசாவோ தொமிதாவும் கார்லோசின் இசையால் ஈர்க்கப்பட்டு, அமெரிக்காவிலிருந்து பெரிய மோக் கருவி ஒன்றை வரவழைத்தார். சுங்க அதிகாரிகள் அதனை இசைக்கருவி என நம்ப மறுத்ததாகவும், எமர்சன் மேடையில் மோக் வாசிக்கும் படத்தைக் காட்டி விளக்க வேண்டியிருந்ததாகவும் அவர் பின்னாளில் கூறியுள்ளார். கருவி கைக்கு வந்த பிறகும் விரும்பிய ஒலி எளிதில் வரவில்லை. பலகாலம் தாமாகவே முயன்று கற்ற பின்னரே, பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியின் படைப்புகளைக் கொண்ட "சுனோஃபிளேக்ஸ் ஆர் டான்சிங்" (1974) என்ற தொகுப்பை அவர் வெளியிட்டார்.

ஸ்டீவி வொண்டர் கேட்டது வேறோர் இசைத்தட்டு. மால்கம் செசில், ராபர்ட் மார்கோலெஃப் ஆகிய இருவரும் "டான்டோ" என்ற மாபெரும் சிந்தசைசரைக் கொண்டு 1971இல் வெளியிட்ட "சீரோ டைம்" தொகுப்பைக் கேட்ட அவர், நியூயார்க்கில் அவர்களைத் தேடிச்சென்றார். பார்வையற்றவரான வொண்டர் விசைகளை வாசிக்க, அவர்கள் இருவரும் ஒலிகளை அமைத்துக் கொடுத்தனர். அக்கூட்டணியில் "டாக்கிங் புக்" (1972), "இன்னர்விஷன்ஸ்" (1973) உள்ளிட்ட தொகுப்புகள் உருவாயின.

தொட்டுப் பழகியதால் வந்தவர்கள்

சிலர் கருவியைத் தேடிச் செல்லவில்லை, கருவியே எதிர்ப்பட்டது. கேரி நியூமன் 1978இல் தம் குழுவின் கிதார் சார்ந்த பாடல்களைப் பதிவுசெய்ய இங்கிலாந்தில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்திற்குச் சென்றார். அங்கே மினிமோக் சிந்தசைசர் ஒன்று இருந்தது. அதன் விசையை அழுத்தியபோது அறையே அதிரும்படி ஆழ்ந்த ஒலி எழுந்தது. முன்பு பயன்படுத்தியவர் விட்டுச்சென்ற அமைப்பு அது. அப்போது மெலிந்த ஒலி எழுந்திருந்தால் தம் பாதை வேறாக இருந்திருக்கலாம் என்ற கருத்தை நியூமன் நேர்காணல்களில் பகிர்ந்துள்ளார். அடுத்த ஆண்டே சிந்தசைசரை முதன்மையாகக் கொண்ட அவரது பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

சுசான் சியானி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இசையமைப்புப் பயின்ற காலத்தில் டான் புக்லாவைச் சந்தித்தார். பின்னர் அவரது பட்டறையில் கருவிகளின் சுற்றுகளுக்குப் பற்றவைக்கும் வேலை பார்த்தார். கருவியின் உட்புறத்தை அறிந்த பிறகே அவர் அதன் சிறந்த வாசிப்பாளர்களுள் ஒருவரானார்.

விலையும் அளவும்

இத்தகைய சந்திப்புகள் பலருக்கு வாய்க்கக் காரணம் கருவியின் அளவும் விலையும் குறைந்ததே ஆகும். 1970இல் வந்த மினிமோக்கில் பகுதிகளைக் கம்பிவடங்களால் இணைக்கும் வேலை இல்லை. ஒருவரே தூக்கிச் செல்லலாம். அதன் விலை ஏறத்தாழ 1,500 டாலர். அன்றைய பெரிய கருவிகளுடன் ஒப்பிட்டால் இது பன்மடங்கு குறைவு. 1970களின் பிற்பகுதியில் கோர்க், ரோலண்ட், யமஹா ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் கருவிகள் இளைஞர்களுக்கும் எட்டும் விலையில் கிடைத்தன. 1983இல் வெளியான யமஹா டி.எக்ஸ்.7, ஒரே நேரத்தில் 16 சுரங்கள் வரை ஒலிக்கவல்லது. ஆயத்த ஒலிகளும் அதிலேயே இருந்ததால், ஒலியமைப்பு அறியாதவரும் உடனே வாசிக்க முடிந்தது.

இந்தியாவில்

அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் மோக் சிந்தசைசர் நிறுவப்பட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதனை அமைக்க உதவினார். கீதா சாராபாய் உள்ளிட்ட சிலர் அங்கு மின்னணு இசையை உருவாக்கினர். ஆயினும் அக்கூடம் சில ஆண்டுகளே இயங்கியது. அங்கு உருவான ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்தன. கருவி இருந்தும் அதனைத் தொடர்ந்து பழகும் சூழல் இல்லையெனில் ஒரு மரபு உருவாகாது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

திரைப்பட இசைக்குழுக்கள் வேறொரு வழியைத் திறந்தன. இந்தித் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடன இசையின் தாளத்துடன் இணைத்து 1982இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். சென்னையில் பிறந்த ஏ. ஆர். ரகுமானின் தந்தை ஆர். கே. சேகர், மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தவர். 1976இல் தந்தை மறைந்தபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் வருவாய் ஈட்டியது. மின்னணுவியலிலும் ஆர்வம் கொண்டிருந்த ரகுமானுக்கு, இசையும் தொழில்நுட்பமும் சேர்ந்த சிந்தசைசர் மிகவும் பிடித்துப்போனது. இளவயதிலேயே இசைக்குழுக்களில் கீபோர்டு வாசிக்கத் தொடங்கிய அவர், "ரோஜா" (1992) மூலம் இசையமைப்பாளராக அறிமுகமானார். அவரைப் பொறுத்தவரை சிந்தசைசர் ஈர்ப்புக்குரிய பொருளாக மட்டுமன்றி, பிழைப்புக்கான வழியாகவும் இருந்தது.

எதிர்ப்பு

சிந்தசைசர் மீதான ஆர்வத்தை அனைவரும் வரவேற்கவில்லை. வயலின், ஊதுகருவிக் கலைஞர்கள் பலர் செய்யும் வேலையை ஒருவரே செய்துவிடுவார் என்ற அச்சம் பரவியது. 1982இல் பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசருக்கும் தாள இயந்திரத்திற்கும் தடை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் அது நாடு தழுவிய தடையாகவில்லை. வேலையிழப்புக் குறித்த அச்சம் அடிப்படையற்றது அன்று. பதிவுக்கூடங்களில் பெரிய வாத்தியக் குழுக்களின் தேவை பிற்காலத்தில் உண்மையாகவே குறைந்தது.

இன்றைய நிலை

இன்று சிந்தசைசர் கணினியிலும் கைப்பேசியிலும் மென்பொருளாகக் கிடைக்கிறது. தொமிதா சுங்கத்தில் வாதாடிப் பெற வேண்டியிருந்த வசதியை ஒரு மாணவர் சில நிமிடங்களில் பெறலாம். எனினும் ஆயத்த ஒலிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், ஓர் ஒலி எவ்வாறு உருவாகிறது என்று அறியாமலே அடுத்ததற்குத் தாவிவிடவும் கூடும். புதிதாகத் தொடங்குபவர்கள் தமக்குப் பிடித்த ஓர் ஒலியைத் தேர்ந்தெடுத்து, அலையியற்றி, வடிகட்டி, பெருக்கி ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்பது நல்ல தொடக்கமாகும். முன்னோடிகள் பலரும் கற்றது இவ்வாறு கேட்டும் மாற்றியும் பார்த்தே.